முட்டைக்கண் என்று சிரிக்கிறவர்களுக்கு

நம் சினிமாவில் சிரிப்பு வரவழைக்க ஒரு சுலப வழி உண்டு. ஒருத்தர் கண் கொஞ்சம் வெளியே தள்ளி இருந்தால் போதும். "முட்டைக்கண்ணா", "ஆந்தை முழி" என்று ஒரு வரி, தியேட்டரே அதிரும். கல்லூரியிலும் இதே கதைதான், அங்கே பெயர் தவளை. கேட்டால் "சும்மா ஜாலிக்குத்தான்டா" என்பார்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது வெறும் நாகரிகப் பிரச்சினையால் இல்லை. பிறவியிலேயே கண் பெரிதாக இருப்பது வேறு. போன வருஷம் வரை சாதாரணமாக இருந்த கண் இந்த வருஷம் பிதுங்குவது வேறு. இரண்டாவது நோய். அதற்குத்தான் நாம் பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கண்குழி என்பது ஏழு எலும்புகள் சேர்ந்த ஒரு கூம்பு. கொள்ளளவு சுமார் 30 மில்லி, அதில் கண் உருண்டை 7 மில்லிதான். மிச்சமெல்லாம் தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய். சுற்றிலும் சுவர், திறப்பு முன்னால் மட்டும். பின்னால் எது வீங்கினாலும் கண்ணுக்கு வேறு போக்கிடம் ஏது?

பெரியவர்களுக்கு இப்படி ஆவதற்கு முதல் காரணம் தைராய்டு. டப்ளின் டாக்டர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-லேயே எழுதி வைத்துவிட்டார். உடம்பின் எதிர்ப்பு சக்தி தைராய்டைத் தாக்குவதோடு நிற்காமல் கண்ணுக்குப் பின்னால் உள்ள தசையையும் கொழுப்பையும் வீங்க வைக்கிறது. மேல் இமையும் மேலே ஏறிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு அது முறைப்பது போலத் தெரியும்.

என் சித்திக்கு இதுதான் நடந்தது. புகுந்த வீட்டில் "எப்பப் பாரு முறைக்கிறா, திமிரு" என்று சண்டை. உடம்பு இளைத்தது, கை நடுங்கியது, படபடப்பு. ஒரு டாக்டர் தூசி என்று சொட்டு மருந்து கொடுத்தார். ஒரு கண்ணாடிக் கடைக்காரர் பவர் மாற்றினார். சில நூறு ரூபாய் ரத்தப் பரிசோதனையை யாரும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கண்டுபிடித்தபோது எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. (ரத்தத்தில் தைராய்டு அளவு சரியாக இருந்தும் கண் மட்டும் பிதுங்குவதுண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.) முற்றினால் வீங்கிய தசை பார்வை நரம்பை நெரிக்கும். நிறங்கள் மங்கும், குறிப்பாக சிவப்பு. அப்போது எலும்புச் சுவரையே கொஞ்சம் எடுத்து இடம் பண்ண வேண்டியிருக்கும்.

இதில் சிகரெட் பிடிக்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். நோய் வரும் வாய்ப்பும் கூடும், வந்தால் தீவிரமும் கூடும், மருந்தும் சரியாக வேலை செய்யாது. 2016 முதல் நம் ஊர் சிகரெட் பெட்டியில் 85 சதவீதம் எச்சரிக்கைதான். ஆனால் தைராய்டு இருக்கிறவர் புகைத்தால் கண்ணுக்கு ஆபத்து என்று டீக்கடையில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

ஒரு கண் மட்டும் பிதுங்கினாலும் தைராய்டாக இருக்கலாம். ஆனால் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்காமல் விடக்கூடாது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை வந்து எத்தனை பேர் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று! அப்போது மட்டும் எல்லோரும் கண்குழியைப் பற்றிப் பேசினோம். அதோடு சரி.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். சளி, காய்ச்சலோடு ஒரு கண் சிவந்து வீங்கிப் பிதுங்கினால், கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்று பிள்ளை அழுதால், "கண்ணு பட்டிருச்சு" என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டு இரண்டு நாள் பார்க்கிறார்கள். சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவே உள்ள எலும்புக்கு லத்தீனில் பெயரே காகிதத் தகடு. அவ்வளவு மெல்லிசு. கிருமி அதைத் தாண்டிவிட்டால் பார்வை போகும், மூளைக்கும் ஏறும். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி மருந்து ஏற்ற வேண்டும். சுற்றிப் போடுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.