"பொம்மைப் படம்தானே" என்று சொல்லும் பெரியவர்களுக்கு...

அனிமேஷன் படம் என்று பேச்சு எடுத்தாலே இரண்டே இரண்டு கருத்துகள்தான் காதில் விழுகின்றன. முதலாவது, "அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்பா". இரண்டாவது, படம் கொஞ்சம் இருட்டாக, வயிற்றைக் கலக்குவது மாதிரி இருந்துவிட்டால், "இதையெல்லாம் சின்னப் பசங்களுக்குக் காட்டலாமா?". வேடிக்கை என்னவென்றால் இரண்டையும் சொல்வது பெரும்பாலும் ஒரே ஆள்தான். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. முதல் தப்பின் வயிற்றில்தான் இரண்டாவது தப்பு பிறக்கிறது என்பது கூடுதல் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வரவும் :-)

முதலில் ஒரு முயல் கதை. 1978ல் மார்ட்டின் ரோஸன் இயக்கிய 'வாட்டர்ஷிப் டவுன்' என்ற பிரிட்டிஷ் படம். ரிச்சர்ட் ஆடம்ஸ் 1972ல் எழுதிய நாவல்தான் மூலம். மனிதர்கள் வீடு கட்டுவதற்காக அழிக்கப் போகும் வளையை விட்டுத் தப்பி ஓடும் முயல்களின் கதை. இந்த முயல்கள் துள்ளிக் குதித்துப் பாட்டுப் பாடாது. ஒன்றை ஒன்று கடித்துக் குதறும். கண்ணியில் கழுத்து மாட்டி, வாயில் ரத்தம் வழியத் துடிக்கும். வளையை மண் போட்டு மூடும்போது உள்ளே மூச்சு முட்டிச் சாகும். இந்தப் படத்துக்கு பிரிட்டன் தணிக்கை வாரியம் கொடுத்த சான்றிதழ் என்ன தெரியுமா? 'யு'. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்! டிவியில் போட்ட போதெல்லாம் பெற்றோர்களிடம் இருந்து புகார். 2016ல் ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில் ஒரு சேனல் ஒளிபரப்பியபோது பெரிய கூச்சலே எழுந்தது. கடைசியில் 40 வருடங்களுக்கு மேல் கழித்துத்தான் அது 'பிஜி'யாக மாறியது.

இதில் தப்பு யாருடையது? படம் எடுத்தவர் எதையும் ஒளிக்கவில்லை. "முயல், அதுவும் வரைந்த முயல், ஆகவே குழந்தைகள் படம்" என்ற நினைப்புதான் அத்தனை பேர் கண்ணையும் மறைத்தது. நான் படிக்கும் காமர்ஸ் பாஷையில் சொன்னால், டப்பாவைப் பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் சரக்கை முடிவு செய்வது. டப்பாவில் முயல் படம் இருந்தால் உள்ளே மிட்டாய்தான் இருக்கும் என்று பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, பிறகு டப்பா செய்தவனைத் திட்டுவது என்ன நியாயம்?

அனிமேஷன் என்பது கதை சொல்லும் ஒரு முறை. கேமரா மாதிரி, கறுப்பு வெள்ளை மாதிரி. 2023ல் தன்னுடைய 'பினாக்கியோ'வுக்காக ஆஸ்கர் வாங்கிய கியர்மோ டெல் டோரோ மேடையிலேயே இதைச் சொன்னார்: அனிமேஷனும் சினிமாதான், அது ஒரு தனி ஜானர் இல்லை என்று. அவருடைய மரப் பொம்மைப் பையன் முசோலினி காலத்து இத்தாலியில் திரிகிறான், திரும்பத் திரும்பச் சாகிறான்.

"சரி, அவ்வளவு சீரியஸான கதையை நடிகர்களை வைத்தே எடுக்க வேண்டியதுதானே, எதற்கு வரையணும்?" என்று கேட்பவர்கள் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' பார்க்கவும். 1988ல் ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோவுக்காக இசாவோ தகாஹதா எடுத்தது. 1945ல் கோபே நகரத்தின் மேல் தீக்குண்டுகள் விழ, அம்மாவை இழந்து நிற்கும் 14 வயது அண்ணன், 4 வயது தங்கை. ரயில் நிலையத்தில் அண்ணன் பட்டினியால் சாவதில்தான் படமே ஆரம்பிக்கிறது. முடிவு என்ன என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் நம்மை உட்கார வைக்கிறார்கள். மூலக் கதையை எழுதிய அகியுகி நோசகாவின் தங்கை போரின்போது உண்மையிலேயே ஊட்டச்சத்து இல்லாமல் இறந்து போனாள். தகாஹதாவும் 9 வயதில் ஒகயாமாவில் குண்டுவீச்சில் தப்பிப் பிழைத்தவர். இந்தக் கதையில் நிஜமான 4 வயதுக் குழந்தை நடித்தால் என்ன ஆகும்? நம் மூளையில் ஒரு ஓரம் "பாவம், நல்லா நடிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பசியில் குழந்தை சுருங்குவதை நடிக்க வைக்கவும் முடியாது, வைக்கவும் கூடாது. வரைந்த செட்சுகோவுக்குப் பின்னால் திரையில் தெரியும் நடிகை யாரும் இல்லை. அந்தக் குழந்தை மட்டும்தான் இருக்கிறாள். தப்பிக்க வழியே கிடையாது. இந்தப் படம் 'டோட்டோரோ'வோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் இரட்டைப் படமாக வெளியானது என்பது உபரித் தகவல்.

இப்போது இரண்டாவது கட்சிக்கு வருகிறேன். "குழந்தை பயப்படுமே!" பயப்படட்டுமே. 'கோரலைன்' (2009, இயக்கம் ஹென்றி செலிக், நீல் கெய்மன் நாவல்) என்ன சொல்கிறது? வேலையில் மூழ்கி மகளைக் கவனிக்காத அப்பா அம்மா. சுவரில் ஒரு குட்டிக் கதவு. அந்தப் பக்கம் இன்னொரு அம்மா. கேட்டதெல்லாம் சமைப்பாள், சிரிப்பாள், கொஞ்சுவாள். ஒரே ஒரு நிபந்தனை, கண்களை எடுத்துவிட்டு பட்டன் தைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டாப் மோஷன் படம். ஒரு விநாடி ஓடுவதற்கு 24 ஃபிரேம், ஃபிரேமுக்கு ஃபிரேம் நிஜப் பொம்மையைக் கையால் நகர்த்தி எடுத்தது. உயிரில்லாத பொருள் என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் அசைகிறது. அந்த உறுத்தல்தான் படத்தின் உயிர்.

இதைப் பார்க்கும் குழந்தை பயப்படும்தான். கூடவே என்ன கற்றுக்கொள்கிறது? அளவுக்கு மீறிக் கொஞ்சி, பதிலுக்கு உன்னையே கேட்கிற ஆள் ஆபத்தானவர் என்று. பயந்துகொண்டே திரும்பிப் போய் அப்பா அம்மாவைக் காப்பாற்றலாம் என்று. எத்தனை அறிவுரை சொல்லி இதைப் புரிய வைக்க முடியும்? குழந்தைகளுக்கு எதிராக நடக்கும் குற்றங்களைப் பேப்பரில் படிக்கிறோம். மிரட்டுகிறவன் மட்டும் அதில் வருவதில்லை, சாக்லேட்டோடு வருகிறவனும் வருகிறான். அவனை அடையாளம் காட்டும் படத்தை "பயமா இருக்கு" என்று அணைத்துவிட்டு, அருவாள் வெட்டுப் படத்துக்கு அதே குழந்தையை மடியில் வைத்து இரவுக் காட்சி பார்க்கும் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே ரத்தம் தெறித்தால் விசில், இங்கே பொம்மைக்கு பட்டன் கண் என்றால் பதற்றம்!

"இதெல்லாம் விற்காது" என்று சொல்லும் சக காமர்ஸ் மாணவர்களுக்கு. 1985ல் டிஸ்னி 'பிளாக் கால்ட்ரன்' எடுத்தது. சுமார் 4 கோடியே 40 லட்சம் டாலர் செலவு. குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று சுமார் 12 நிமிடத்தை வெட்டினார்கள். அப்படியும் அமெரிக்க வசூல் செலவில் பாதி கூட வரவில்லை. வெட்டியதால் படம் பிழைக்கவில்லை. 'கோரலைன்' எதையும் மழுப்பவில்லை. சுமார் 6 கோடி டாலரில் எடுத்து உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் பார்த்தது. 15 வருடம் கழித்து 2024ல் மறுபடி வெளியிட்டபோது அமெரிக்காவில் மட்டும் இன்னும் 3 கோடிக்கு மேல். சின்ன வயதில் இதைப் பார்த்து நடுங்கியவர்கள்தான் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பாலன்ஸ் ஷீட்டில் பயத்தை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள் ஐயா.

அதற்காக எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டு என்று நான் சொல்லவில்லை. சதோஷி கோன் எடுத்த 'பெர்ஃபெக்ட் ப்ளூ' (1997) அற்புதமான படம், ஆனால் குழந்தை இருக்கும் அறையில் ஓடக்கூடாத படம். அதேபோல இருட்டாக இருந்தாலே உலக சினிமா என்று பீற்றிக்கொள்ளும் நம் வயசுக் கும்பலோடும் எனக்கு ஒட்டு உறவு இல்லை. வெறுமனே ரத்தத்தைக் கொட்டும் அனிமேஷனும் மொக்கைதான்.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். பிள்ளைக்குப் போடும் முன் படத்தை ஒரு தடவை நீங்கள் பாருங்கள். வயசுக்குச் சரி என்றால், பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படும்போது கையைப் பிடித்துக்கொண்டு, முடிவு வரை பார்க்க விடுங்கள். பாதியில் அணைத்தால் குழந்தையிடம் பயம் மட்டும்தான் மிஞ்சும், அதைத் தாண்டி வந்த கதை மிஞ்சாது.