வருமுன் எழுதி வைப்போம்!

மேட்டூர் அணையின் நீர்மட்டம் நாள்தோறும் குறிக்கப்படுகிறது. வெள்ளம் பெருக்கெடுக்கும் நாளில் மட்டுமன்று, காவிரி மெலிந்து ஓடும் கோடையிலும் குறிக்கப்படுகிறது. நேற்றைய அளவு கையில் இருந்தால்தான், முழு அளவாகிய 120 அடியை நோக்கி நீர் எத்தனை விரைவாக ஏறுகிறது என்பது இன்று தெரியும். கணினி படிக்கும் நாமோ இந்த எளிய உண்மையை மறந்துவிட்டோம். அதன் விளைவாக நேர்ந்த ஒரு தவற்றை இம்மலரில் ஒளிக்காமல் சொல்ல விரும்புகிறேன்.

நம் துறையின் சர்வரை யாவரும் அறிவீர்கள். ஆய்வகப் பயிற்சிகளை அதில்தான் ஒப்படைக்கிறோம். சென்ற பருவத்தில் வாரத்துக்கு இருமுறையேனும் அது திணறி நின்றுவிடும், பெரும்பாலும் பிற்பகலில்தான். ஆய்வக உதவியாளர் அண்ணன் வந்து அணைத்து மீண்டும் இயக்குவார், ஓடத் தொடங்கும். "முதலாமாண்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் வேறென்ன ஆகும்?" என்று பேச்சு எழுந்தது. பேச்சு விரைவில் தடையாயிற்று. பிற்பகலில் முதலாமாண்டினர் சர்வரைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது. வீட்டில் கணினி இல்லாத எத்தனையோ தம்பி தங்கையருக்கு அந்தப் பிற்பகல்தான் பயிற்சி நேரம் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

குற்றச்சாட்டு இருந்தது, தண்டனையும் இருந்தது, சான்றுதான் இல்லை. எப்படி இருக்கும்? சர்வரை அணைத்த மறுகணமே அதுவரை இருந்த இணைப்புகளின் நிலை முழுவதும் நினைவகத்திலிருந்து அழிந்துவிடுகிறது. பிணத்தை எரித்துவிட்டுச் சாவின் காரணத்தைத் தேடிய கதைதான்!

மூன்றாமாண்டு மாணவர் நால்வர், பேராசிரியரின் இசைவு பெற்று ஒரு சிறு வேலையில் இறங்கினோம். யூனிக்ஸ் உலகில் 'கிரான்' என்றொரு காவலாளி உண்டு. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அவன் இருந்தான்; இன்றைய லினக்ஸிலும் இருக்கிறான். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டங்களில் நேரத்தைக் குறித்து, வேலையையும் எழுதிவிட்டால், உறக்கமின்றிச் செய்வான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'நெட்ஸ்டாட்' கட்டளையால் இணைப்புகளை நிலைவாரியாக எண்ணி, தேதியும் நேரமும் சேர்த்து, ஒரு கோப்பில் ஒரு வரி எழுதுமாறு அவனைப் பணித்தோம். முதல் நாள் கோப்பே உருவாகவில்லை! தேதிக் கட்டளையில் வரும் விழுக்காட்டுக் குறியைக் கிரான் வரியின் முடிவாக எடுத்துக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன் முன் ஒரு பின்சாய்கோடு (\) இட்டதும் வழிக்கு வந்தது.

ஒன்பதாம் நாள் கோப்பை விரித்துப் படித்தோம். உயிருள்ள இணைப்புகள் எந்தப் பிற்பகலிலும் அறுபதைத் தாண்டவில்லை. 'குளோஸ் வெயிட்' என்னும் நிலையில் இருந்தவையோ, சர்வரை இயக்கிய வேளையிலிருந்து ஏறிக்கொண்டே போயின, ஒருமுறையும் இறங்கவில்லை. எதிர்முனை பேச்சை முடித்துக்கொண்டது, நம் பக்கத்து நிரல்தான் கதவைச் சாத்தாமல் இருக்கிறது என்பதே அந்நிலையின் பொருள். ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்புகளுக்கு அந்தச் சர்வரில் 1024 என்பது வரம்பு. இணைப்புகளும் அக்கணக்கில் அடக்கம். அந்த எண்ணை நெருங்கியபோதெல்லாம் சர்வர் நின்றது. கூட்டம் மிகுந்த பிற்பகல் கடைசித் துளியை ஊற்றியது. குடத்தை நிரப்பியது வேறு.

அந்த நிரலை எழுதியவர் யார்? முந்தைய ஆண்டில் நாங்களேதான்! இரண்டு வரி சேர்த்தோம், நோய் தீர்ந்தது, தடையும் நீங்கியது. முதலாமாண்டினர் எங்கள் பிழையை ஒரு பருவம் முழுவதும் சுமந்தார்கள்.

"ஒழுங்காக ஓடும் சர்வருக்குக் குறிப்பேடு எதற்கு? இடத்தை அடைக்காதா?" என்று கேட்போர் உண்டு. நாளுக்கு 288 வரி. ஆண்டுக்கு 1,05,120 வரி. வரிக்கு 100 எழுத்து என்றாலும் ஏறத்தாழ 10 மெகாபைட். இரண்டு திரைப்பாடல்களுக்கு வேண்டிய இடம்! நல்ல நாளின் கணக்கு இல்லாமல் கெட்ட நாளை அடையாளம் காண்பது எப்படி?

"மாணவர்களை வேவு பார்க்கும் வழியல்லவா இது?" என்பது மற்றொரு கேள்வி. நியாயமான கேள்வி, நானும் அஞ்சுகிறேன். ஆகவேதான் எண்ணிக்கை மட்டும் போதும், யார் எங்கே சென்றார் என்ற முகவரி வேண்டாம் என்கிறேன். எங்கள் கோப்பில் ஒருவருடைய அடையாளமும் இல்லை; ஆயினும் உண்மை வெளிப்பட்டது.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. இரு பதிவுகளுக்கு இடையே நேர்ந்து மறைவதை அது காணாது. சர்வர் முற்றிலும் உறைந்துவிட்டால் அதன் கையும் நின்றுவிடும். எனினும், விடுபட்ட அந்த இடமே நின்ற நேரத்தைக் காட்டிக் கொடுக்கும். எல்லாவற்றினும் பெரிய குறை, எழுதியதை எவரும் படிக்காமல் விடுவது. அது இயந்திரத்தின் குறையன்று, நம்முடையது.

நூலகத்திலும் அலுவலகத்திலும் துறைகளிலும் உள்ள ஒவ்வொரு சர்வரிலும், அது இயங்கத் தொடங்கும் முதல் நாளிலேயே, இத்தகைய குறிப்பேடு தொடங்கப்பட வேண்டும். மாதம் ஒருமுறை ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக அமர்ந்து அதைப் படிக்க வேண்டும். கிரானுக்குச் சம்பளம் இல்லை, உறக்கம் இல்லை. மூத்தவர் இளையவர் என்ற வேறுபாடும் இல்லை. நண்பர்களே, இனி எவர் மேலும் பழி சுமத்துமுன் அவன் எழுதியதை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்!