தேயவில்லை, ஆனால் வயது போய்விட்டது: நெருக்கடி நம் வாகனங்களில் விட்டுச்சென்ற ரயர்கள்

கடந்த வருடம் ஆடி மாதம், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் வழியில், கனகராயன்குளம் தாண்டியதும் அத்தானின் வெசல் ஜீப்பின் பின் இடது ரயர் வெடித்தது. பின் இருக்கையில் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் நானும் இருந்தோம். மதியம் 2 மணி, அனல் பறக்கும் வீதி, எதிரே லொறி எதுவும் வரவில்லை. அத்தான் பிரேக்கை மிதிக்காமல் ஸ்ரேறிங்கை இறுக்கிப் பிடித்தபடி வேகத்தைத் தானாகக் குறையவிட்டு ஓரங்கட்டினார். யாருக்கும் எதுவும் இல்லை.

இறங்கிப் பார்த்தபோது விளங்காமல் போனது ஒன்றுதான். மற்ற மூன்று ரயர்களும் தேயவே இல்லை. தவாளிப்புகள் ஆழமாக இருந்தன. அடுத்த மாதம் மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லக்கூடிய ரயர்கள் அல்ல அவை. முழங்காலில் இருந்து பக்கச்சுவரைத் துடைத்துப் பார்த்தேன். நீள்வட்டக் கட்டத்துக்குள் 4117 என்று நான்கு இலக்கங்கள் இருந்தன. 2017ஆம் ஆண்டின் 41ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். எட்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்த ரயரில், மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில், இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம்.

அத்தான் கவனமில்லாத ஆள் அல்ல. ஒயில் மாற்றும் திகதியை நாட்காட்டியில் குறித்து வைப்பவர். பிறகு ஏன் இப்படி நடந்தது என்று யோசித்தால், அந்த ரயரின் வரலாறும் கடந்த ஆறு வருட இலங்கையின் வரலாறும் ஒன்றாகவே இருக்கின்றன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு கொண்டுவரப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்குள் ரயரும் அகப்பட்டது. அந்நியச் செலாவணியைச் சேமிக்க வேண்டும், உள்ளூர் உற்பத்தியை வளர்க்க வேண்டும் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 2020இல் 8 வீதமாக இருந்த வற் வரி படிப்படியாக ஏறி, 2024 ஜனவரியில் 18 வீதமாகியது. ரயர் மாற்ற வேண்டிய வயது அத்தானின் வாகனத்துக்கு வந்தது சரியாக இந்த இடைவெளியில்தான். ஒரு வருடம் அவருடைய அளவு கடைகளில் இல்லை. அடுத்த வருடம் அளவு இருந்தது, விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

இதற்குள் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. 2022 நடுப்பகுதியில் கியூ.ஆர். முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. வரிசை, பங்கீடு, பெற்றோல் விலை எல்லாம் சேர்ந்து குடும்ப வாகனங்களை வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்தன. ஓடாத வாகனத்தின் ரயர் தேயாது. ஆனால், இறப்பர் சும்மா நின்றாலும் கிழடாகும். வெயிலும், வெப்பமும், காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் அதை உள்ளிருந்தே இறுக்கி நொறுங்கச் செய்யும். காற்றுக் குறைந்த நிலையில் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பது அதைவிடக் கேடு. நெருக்கடி நம் ரயர்களைத் தேய விடாமல் வயது போகச் செய்திருக்கிறது. தேய்மானத்தை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரிவதில்லை.

அரசின் கண்ணுக்கும் தெரிவதில்லை. தனியார் காருக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப்பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும். புகைப்பரிசோதனை நிலையத்தில் ரயரின் வயதை யாரும் வாசிப்பதில்லை. மொட்டையாகிப்போன ரயரைக் கண்டால் பொலிஸார் தண்டம் எழுதலாம். வளவுக்குள் தண்ணீர் தேங்கிய பழைய ரயர் கிடந்தால் டெங்குக்காகச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடுவார். வாகனத்தில் பூட்டியிருக்கும் எட்டு வயது ரயரைப் பற்றிக் கேட்கத்தான் ஆளில்லை.

வீதிக்கு வருகிறேன். அந்த வாகனத்தோடு மேலதிகச் சில்லு வரவில்லை. பஞ்சர் அடைக்கும் திரவமும் சிறிய பம்பும்தான் வந்தன. பல ஹைபிரிட் வாகனங்களின் நிலை இதுதான். பக்கச்சுவர் கிழிந்த ரயருக்கு அந்தத் திரவத்தால் ஒரு பயனும் இல்லை. முச்சக்கரவண்டியில் போய், அண்டிய ஊரில் பழைய ரயர் விற்கும் கடையொன்றைக் கண்டுபிடித்தோம். கடைக்காரர் எடுத்துத் தந்தது பார்வைக்குப் புதியது போலவே இருந்தது.

"அண்ணை, ஜப்பான் ரயர். ஒரிஜினல். கண்ணை மூடிக்கொண்டு போடலாம்."

பக்கச்சுவரில் 'ஸ்ரட்லெஸ்' என்று பொறித்திருந்தது. அது பனிக்கால ரயர். ஜப்பானில் பாவித்த வாகனங்களோடும் தனியாகவும் இப்படிப்பட்டவை இங்கே வந்து சேர்கின்றன. பூச்சியப் பாகையில் இறுகாமல் இருப்பதற்காக மென்மையான இறப்பரால் செய்யப்பட்டவை அவை. வன்னி வெயிலில் அந்த இறப்பர் குழைந்து வேகமாகத் தேயும்; ஈர வீதியில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். வேறு வழியில்லாமல் அதைத்தான் பூட்டிக்கொண்டு 60க்கு மேல் போகாமல் வீடு வந்து சேர்ந்தோம். முறிகண்டியில் அக்கா இரண்டு தேங்காய் உடைத்தா.

அடுத்த மூன்று வாரங்கள் ரயர் தேடலில் போயின. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கொழும்பிலும் கேட்டோம். எல்லாக் கடைகளிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவுக்குள்ள பாக்கிறியள்?" எவ்வளவு ஓடுவீர்கள், எங்கே ஓடுவீர்கள், எத்தனை பேர் ஏறுவீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மலிவான நல்ல ரயர் எது என்ற கேள்விக்கான விடை அந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது.

முதலில் அளவு. இந்த வெசலின் ரயர் 215/60ஆர்16, அதன் பின்னால் 95எச். அகலம் 215 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தின் 60 வீதம், றிம் 16 அங்குலம். 95 என்பது ஒரு ரயர் தாங்கக்கூடிய சுமையின் குறியீடு: 690 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர் வரை. ஒரு கடையில் இந்த அளவு விலை கூட என்று சொல்லி, 205/55ஆர்16 போடச் சொன்னார்கள். அது சாதாரண கார்களின் அளவு. நிறைய வருவதால் விலையும் குறைவு. "றிம்முக்குச் சரியாப் பூரும் தங்கச்சி, ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார்.

றிம்முக்குப் பூரும் என்பது உண்மை. ஆனால், அந்த ரயரின் சுமைக் குறியீடு 91, அதாவது 615 கிலோ. நான்கு ரயருக்கும் சேர்த்து 300 கிலோ குறைகிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு எங்கள் வீட்டு ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று தெரிந்தவர்களுக்கு 300 கிலோவின் அருமை தெரியும். அதைவிட, முழு விட்டமும் 3 சென்ரிமீற்றருக்கு மேல் குறைவதால் வாகனம் நிலத்துக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர் கிட்ட வரும். மீற்றரும் ஏறக்குறைய 5 வீதம் கூட்டிக் காட்டும். ஓடாத தூரத்தையும் ஓடியதாக எழுதும். குண்டும் குழியுமான உள்வீதிக்காகத்தானே உயரமான வாகனம் வாங்கினோம்?

இனி விலை. கடைகளில் மூன்று படிகள் இருந்தன. மேலே ஜப்பான், ஐரோப்பியப் பெயர்கள். அவற்றிலும் பல தாய்லாந்திலோ இந்தோனேசியாவிலோ செய்யப்பட்டவை. நடுவில் களனியில் செய்யப்படும் சியற் போன்ற உள்ளூர்த் தயாரிப்புகளும் இந்திய, கொரிய ரயர்களும். கீழே, வாயில் நுழையாத பெயர்களோடு வரும் சீன ரயர்கள். சீனம் என்றாலே குப்பை என்று சொல்லும் காலம் போய்விட்டது. அதற்காக எல்லாமே நல்லவை என்றும் இல்லை. ஐரோப்பாவில் விற்கும் ரயரில் எரிபொருள் சிக்கனம், ஈர வீதிப் பிடிப்பு, சத்தம் ஆகியவற்றுக்குத் தரப்படுத்திய ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டும். முதல் இரண்டுக்கும் ஏ முதல் ஈ வரை. நாங்கள் ஏறி இறங்கிய கடைகள் எதிலும் அந்த ஸ்ரிக்கரைக் காணவில்லை. ஆனால், அதே மாதிரி ரயர் ஐரோப்பாவில் விற்கப்படுவதாயிருந்தால் அதன் தரத்தைத் தொலைபேசியில் தேடிப் பார்த்துவிடலாம். ஈரப் பிடிப்பில் ஏ அல்லது பீ இல்லாத எதையும் நான் பட்டியலிலிருந்து வெட்டினேன். ஐப்பசி தொடங்கித் தை வரை மழைக்குள் ஓடும் மாகாணத்துக்கு அந்த ஓர் எழுத்துத்தான் எல்லாவற்றிலும் பெரிது. ட்ரெட்வெயார் என்று 300, 400, 500 எனப் பொறிக்கப்படும் அமெரிக்க எண்ணையும் பார்க்கலாம், கூடினால் மெதுவாகத் தேயும். ஆனால், அதை உற்பத்தியாளரே தனக்குத் தானே போட்டுக்கொள்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

அத்தான் ஆரம்பத்தில் விலை கூடியதையே வாங்க நின்றார். பயந்த மனிசன். அவரோடு இருந்து ஒரு கணக்குப் போட்டேன். கணக்குக்காக எடுத்த எண்கள்தான்: 55,000 ரூபா ரயர் 60,000 கிலோமீற்றர் ஓடும், 30,000 ரூபா ரயர் 40,000 ஓடும் என்று வைப்போம். முதலாவதுக்குக் கிலோமீற்றருக்கு 92 சதம், இரண்டாவதுக்கு 75 சதம். இது பாதிக் கணக்கு. அத்தானின் வாகனம் வருடத்துக்கு 8,000 கிலோமீற்றர்தான் ஓடுகிறது. அந்த வேகத்தில் விலை கூடிய ரயர் தேய்ந்து முடிய ஏழரை வருடம் எடுக்கும். அதற்கு முன்னரே அதற்கு வயது போய்விடும். பல வாகன உற்பத்தியாளர்கள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கிறார்கள். ரயர் நிறுவனங்கள் சில, ஐந்து வருடத்தின் பின் ஒவ்வொரு வருடமும் பரிசோதித்து, எப்படி இருந்தாலும் பத்து வருடத்தில் கழற்றச் சொல்கின்றன. நடுத்தர விலை ரயரோ ஐந்து வருடத்தில் தேய்ந்து, சரியாக வயது போகும் நேரத்தில் மாற்ற வரும். தினமும் வாடகைக்கு ஓடும் வானில் வயது போகுமுன்னரே ரயர் தேய்ந்துவிடும். வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கும் பாடசாலைக்கும், எப்போதாவது கொழும்புக்கும் போகும் வாகனத்துக்கு நடுத்தரமே போதும், அது புதிதாக இருந்தால்.

புதிது என்றால் கடையில் புதிது என்று அர்த்தமில்லை. கழிவு விலையில் காட்டிய ஒரு தொகுதியில் மூன்று வருடத்துக்கு முந்திய இலக்கம் இருந்தது. கேட்டபோது "பாவிக்காததுதானே" என்றார்கள். பாவிக்காமல் கடைக்குள் இருந்த காலத்தில் அது அவ்வளவு கெடுவதில்லை என்பது நியாயம்தான். ஆனாலும், எங்கள் ஐந்து வருடக் கணக்கில் மூன்றை அவர்கள் சாப்பிட்டுவிட்டு அதே விலைக்கு நெருக்கமாகக் கேட்கிறார்கள்.

இங்கே ஒரு விடயம் எனக்குக் கசக்கிறது. ஆசியாவின் முதல் இறப்பர் மரங்கள் நடப்பட்டது கம்பகாவில், 1876இல். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பால் வெட்டியிருக்கின்றன. திண்ம ரயர் ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் இருக்கிறோம். பிறகு ஏன் ஒரு ரயர் வாங்க இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது? கார் ரயர் ஒன்றில், லொறி ரயரோடு ஒப்பிட்டால், இயற்கை இறப்பர் குறைவு. செயற்கை இறப்பர், கரித்தூள், உருக்குக் கம்பி, நூல் எல்லாம் டொலருக்கு வருகின்றன. உள்ளூரில் செய்தாலும் ரூபா விழுந்தால் விலை ஏறத்தான் செய்யும். இயற்கை இறப்பர் உற்பத்தியும் வருடத்துக்கு ஒரு இலட்சம் மெட்ரிக் தொன்னுக்குக் கீழே இறங்கிவிட்டது. பெஸ்டலோஷியொப்சிஸ் இலை நோய் அதற்கு ஒரு காரணம், ஆள் பற்றாக்குறை இன்னொன்று. இறக்குமதியைத் தடுத்தால் உள்ளூர் ரயர் மலிவாகும் என்ற 2020இன் கணக்கு இந்த இடத்தில்தான் பிழைத்தது. போட்டி குறைந்ததுதான் மிச்சம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீளத் திறந்த பிறகு எல்லோருடைய கவனமும் புதிய வாகனங்களின் விலையில் போய்விட்டது. ஐந்து வருடமாக மாற்ற முடியாமல் ஓடிய பழைய வாகனங்களின் கால்களைப் பற்றி அரசாங்கமும் பேசவில்லை, ஊடகங்களில் நாங்களும் பேசவில்லை.

கடைசியில் நான்கையும் ஒன்றாக மாற்றினோம். பணம் இல்லாமல் இரண்டுதான் மாற்றுகிறீர்கள் என்றால், புதியவற்றைப் பின்னுக்குப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகள் முன்னுக்குத்தான் போட வரும். மழையில் முன் சில்லு வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின் சில்லு வழுக்கினால் வாகனம் சுழன்றுவிடும். நான்கு சில்லிலும் இயங்கும் வாகனம் என்றால் நான்கும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருப்பது கியருக்கும் நல்லது. வாங்கியவை நடுத்தர விலை, ஐந்து மாதத்துக்குள் செய்யப்பட்டவை, 95எச். பலன்சிங்கும் அலைன்மன்ற்றும் அன்றைக்கே செய்வித்தோம். காற்றழுத்தம் எவ்வளவு என்பது சாரதிக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. அங்கிருந்த பையன் அதைப் பார்க்காமல் வழக்கமாக அடிக்கும் அளவை அடித்தான், திருப்பி அடிப்பித்தோம்.

பில் போடும்போது கடைக்காரர், பழைய ரயர்களை விட்டுவிட்டுப் போனால் ஒரு தொகை கழிப்பதாகச் சொன்னார். வெடித்தது கனகராயன்குளத்திலேயே போய்விட்டது. மற்ற மூன்றும் தேயாமல், பார்க்க அழகாக, கடை வாசலில் சாத்தியிருந்தன.

"இதை என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"நல்லாத்தானே இருக்குது தங்கச்சி. கழுவிப் பொலிஷ் போட்டால் ஆரும் வாங்குவினம்."

மூன்றையும் ஜீப்புக்குள் ஏற்றச் சொன்னேன். கழிவு போனதில் அத்தானுக்குக் கொஞ்சம் வருத்தம். வீட்டுக்கு வந்து பக்கச்சுவர்களைக் கத்தியால் வெட்டி, தண்ணீர் தேங்காமல் துளை போட்டு, கோடிக்குள் மண் நிரப்பி வைத்திருக்கிறோம். ஒன்றில் அக்கா கற்றாழை நட்டிருக்கிறா.