தண்ணீரை உடைக்கும் உலோகப் பொடி!

சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயிக்கு யூரியா தெரியும். ஹைட்ரஜன் தெரியாது. ஆனால் ஹைட்ரஜன் இல்லாவிட்டால் யூரியா இல்லை! காற்றில் உள்ள நைட்ரஜனோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் அம்மோனியா. அம்மோனியாவில் இருந்துதான் யூரியா.

பக்கத்தில் உள்ள நெய்வேலியில் 1966-ல் உர ஆலை தொடங்கியது. பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி, அதில் கிடைத்த ஹைட்ரஜனைக் கொண்டு அங்கே யூரியா செய்தார்கள். பிறகு அந்த ஆலை மூடப்பட்டது. இன்று இந்திய உர ஆலைகள் பெரும்பாலும் இயற்கை வாயுவை நம்பி நடக்கின்றன. அதில் பெரும்பங்கு வெளிநாட்டில் இருந்து கப்பலில் வருகிறது.

தண்ணீரில் இருந்தே ஹைட்ரஜனை எடுக்க முடியாதா?

முடியும். தண்ணீரில் இரண்டு தகடுகளை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஒரு தகட்டில் ஹைட்ரஜன் வரும். மறு தகட்டில் பிராணவாயு வரும். பஞ்சாபில் உள்ள நங்கல் உர ஆலையில் 1960-களிலேயே, பக்ரா அணை மின்சாரத்தைக் கொண்டு இப்படித்தான் ஹைட்ரஜன் எடுத்தார்கள்.

இடைஞ்சல் மின்செலவுதான். 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க, கணக்குப்படி 39 யூனிட் மின்சாரம் போதும். நடைமுறையில் 50 யூனிட்டைத் தாண்டுகிறது. மிச்சம் சூடாகி வீணாகிறது.

தரகர் வேலை

இந்த வீண் செலவைக் குறைப்பதுதான் தகட்டின் மேல் பூசப்படும் வினையூக்கியின் வேலை. கல்யாணத் தரகரைப் போல, இது காரியத்தைச் சீக்கிரம் முடித்துவைக்கும். தான் செலவாகாது.

இதில் கெட்டிக்காரத் தரகர் பிளாட்டினம். பிராணவாயுப் பக்கத்துக்கு, ஒரு வகை இயந்திரத்தில், இரிடியம் தேவைப்படுகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏழெட்டு டன் இரிடியம்தான் கிடைக்கிறது. விலையோ மிக அதிகம்!

அதனால்தான் விஞ்ஞானிகள் நிக்கல், இரும்பு, மாலிப்டினம் போன்ற உலோகங்களைக் கலந்து பார்க்கிறார்கள். ஒரு உலோகம் தண்ணீரை உடைக்க உதவும். இன்னொன்று ஹைட்ரஜனை அளவாகப் பிடித்துவிட்டு விட்டுவிடும். இறுகப் பிடித்தாலும் கெடுதல், பிடிக்காமல் விட்டாலும் கெடுதல்.

இந்தக் கலவையைத் தலைமுடிப் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பொடியாக்குகிறார்கள். வெல்லக் கட்டியைவிட வெல்லத்தூள் சீக்கிரம் கரைகிறது அல்லவா? பொடியாக்கினால் தண்ணீர் படும் பரப்பு பெருகும். கொஞ்சம் உலோகமே நிறைய வேலை செய்யும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் இத்தகைய ஆராய்ச்சி நடக்கிறது.

ஆனால் எந்தப் பொடியும் 39 யூனிட் கணக்கை மீற முடியாது. "தண்ணீரை ஊற்றினால் போதும், வண்டி ஓடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1996-ல் மூலிகைப் பெட்ரோல் வேடிக்கையை நாடே பார்த்தது!

எத்தனை வருஷம் உழைக்கும்?

புதிய பொடி கண்டுபிடித்ததாக அடிக்கடி செய்தி வருகிறது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். எத்தனை வருஷம் உழைக்கும்? ஆய்வுக்கூடத்தில் சில நூறு மணி நேரம் தாங்கிய பொடி, ஆலையில் பல ஆண்டுகள் தாங்க வேண்டும். நுண்பொடி கரையும், ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பெருக்கும்.

பசுமை ஹைட்ரஜனுக்காக மத்திய அரசு 2023-ல் ரூ.19,744 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்தப் பணத்தில் ஒரு பங்கையாவது, மலிவான உலோகப் பொடியை ஆலையில் வைத்து ஆண்டுக்கணக்கில் சோதிக்கச் செலவிட வேண்டும். காருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் ஹைட்ரஜன் உரத்துக்குப் போகட்டும்!

அந்தச் சோதனைக்கு நெய்வேலியை விடப் பொருத்தமான இடம் ஏது? ஆனால் நிலக்கரி மின்சாரத்தில் அதைச் செய்யக்கூடாது. அப்படிச் செய்தால் 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 50 கிலோ கரியமில வாயுவாவது வெளியேறும். இயற்கை வாயுவில் இருந்து எடுத்தால் 10 கிலோ அளவுதான்! சூரிய மின்சாரமே வேண்டும்.

நிலக்கரியை நம்பினால் சுரங்கமும் விரியும். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் இறங்கின. அந்த வயல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தண்ணீர்? வீராணம் ஏரித் தண்ணீர் 2004 முதல் சேத்தியாத்தோப்பு வழியாகச் சென்னைக்குப் போகிறது. அதிலும் பங்கு கேட்கக்கூடாது. நெய்வேலிச் சுரங்கத்தில் நீர் புகாமல் இருக்க, இரவு பகலாக நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். அதில் ஒரு பகுதியை உப்பு நீக்கிச் சுத்தம் செய்தால் போதும். உப்பு நீக்காவிட்டால் பொடி சீக்கிரம் கெட்டுவிடும்.