வன்னிக் காட்டில் ஓடுவது யார், தண்ணீர் கொடுப்பது யார்?

42 கிலோமீற்றரும் 195 மீற்றரும் ஓடினால் அது மரதன். அதற்கு மேல் ஓடும் தூரமெல்லாம் அல்ட்ரா மரதன் என்ற கணக்கிலே சேரும். தார் வீதியை விட்டுக் காட்டுப்பாதையிலும் மலைப்பாதையிலும் ஓடுவது அதில் ஒரு வகை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலரிடமும் இந்த மோகம் பற்றிக்கொண்டிருக்கிறது. என் பழைய நண்பர் ஒருவரின் மகன் அண்மையில் கடிதம் எழுதியிருந்தார். தாமும் தோழர்கள் நால்வரும் இரணைமடுவிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரை காட்டுவழியே ஓட விரும்புவதாகவும், பின்னர் அதனை ஆண்டுதோறும் நடைபெறும் ஓட்டமாக்கலாமா என்றும் கேட்டிருந்தார். தம் தகப்பனார், "அந்த மண் ஓடி விளையாடும் மைதானமல்ல" என்று கடிந்துகொண்டதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்.

தகப்பனாரின் சினம் எனக்கு விளங்குகிறது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியின் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஓட்டக்காரரின் அளவுகோலில் அது சரியாக ஓர் அல்ட்ரா மரதன். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று. அதையொட்டி மே மாதம் வரை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று இலட்சக்கணக்கான மக்கள் அத்தூரத்தைக் கடந்தனர். மன்னார்ப் பக்கத்திலிருந்து முன்னரே பெயர்ந்து வந்தவர்களுக்குத் தூரம் இன்னும் அதிகம். தறப்பாளைக் கட்டி, பதுங்குகுழி வெட்டி, சில நாட்களில் அதை விட்டு மறுபடி நடந்தார்கள். உழவு இயந்திரத்தில் ஏற்றிய பொருள் சைக்கிளுக்கும், சைக்கிளில் இருந்தது தலைக்கும் மாறியது. இறுதியில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்த பலரிடம் உடுத்த துணியைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அதே திசையில், நெஞ்சில் இலக்கத் தகடு குத்திக்கொண்டு, முடிவிடத்தில் பதக்கம் வாங்குவதற்காக ஓடுவதா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே.

ஆயினும் ஓடக்கூடாது என்ற முடிவை நான் ஏற்கவில்லை. உலகின் மிகப் பழைய பெரிய அல்ட்ரா மரதன் போரின் நினைவாகப் பிறந்தது என்பதை வாசகர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். தென்னாபிரிக்காவில் டர்பனுக்கும் பீற்றர்மரிட்ஸ்பேர்க்கிற்கும் இடையே ஓடப்படும் 'கொம்ரேட்ஸ்' ஓட்டத்தின் தூரம் சுமார் 90 கிலோமீற்றர். அதைத் தொடக்கியவர் விக் கிளப்ஹம் என்ற ரயில் எஞ்சின் சாரதி. முதலாம் உலகப் போரில் கிழக்காபிரிக்கக் காடுகளினூடாக 2,700 கிலோமீற்றர் நடந்த சிப்பாய் அவர். கூட நடந்து மாண்ட தோழர்களுக்குச் சிலையெழுப்புவதிலும் பார்க்க, அந்த வருத்தத்தை உடம்பால் உணரும் ஓட்டமே தகுந்த நினைவு என்று அவர் கருதினார். அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டார்கள். விடாமல் கேட்டு 1921 மே 24இல் நடத்தினார். 34 பேர் புறப்பட்டனர், 16 பேர் முடித்தனர்.

இந்தக் கதையின் மறுபாதியைத்தான் தம்பி கவனிக்க வேண்டும். கிழக்காபிரிக்கப் போரில் துப்பாக்கி பிடித்தவர்களை விடச் சுமை தூக்கிய ஆபிரிக்கக் கூலிகளே மிகுதியாக மாண்டார்கள். நோயாலும் பசியாலும் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை. ஆனால் அப்போரின் நினைவாகத் தொடங்கிய ஓட்டத்தில் கறுப்பின மக்களுக்கு 1975 வரை அதிகாரபூர்வ இடம் இருக்கவில்லை. பெண்களுக்கும் அவ்வாறே. 1935இல் றொபேட் ம்ற்ஷாலி ஓடி முடித்தார். அவருடைய பெயர் முடிவுப் பட்டியலில் ஏறவில்லை. வலியைச் சுமந்தவர்கள் வீதியோரம் நிற்க, வேறு சிலர் அந்த வலியை நினைவுகூர்ந்து ஓடினார்கள். 54 ஆண்டுகள் அது யாருக்கும் விநோதமாகப் படவில்லை!

வன்னியில் இதே காட்சி வேறு நிறத்தில் நிகழும் ஆபத்து உண்டு. கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தவர்கள் ஓடுவார்கள். விசுவமட்டுப் பிள்ளைகள் மேசை போட்டுத் தண்ணீர்ப் போத்தல் நீட்டுவார்கள். அடுத்த நாள் பத்திரிகையில் 'வடக்கில் வசந்தம்' என்ற பாணியில் ஒரு படம் வரும். (அப்படிப்பட்ட தலைப்புகள் எத்தனையோ என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன.) வெளிநாடுகளில் இத்தகைய ஓட்டங்களுக்கு அறவிடும் நுழைவுக் கட்டணத்தை இங்கேயும் அறவிட்டால், வயற்கூலியை நம்பி வாழும் குடும்பத்துப் பையன் எப்படி ஓடுவான்?

அவனுக்கு ஓடத் தெரியாது என்று எவரும் எண்ண வேண்டாம். நம் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி தொடங்குமுன் மரதன் ஓட்டம் வைப்பது வழக்கம். வன்னிப் பாடசாலைகளில் கிறவல் வீதியில் வெறுங்காலோடு ஓடி வரும் பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் 2023இல் தமது 72ஆவது வயதில் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் ஓடித் தங்கப் பதக்கங்களுடன் திரும்பினார். அந்த ஊரில் ஓட்டப்பந்தயம் வைக்கிறோம் என்று போகிறவர்கள் முதலில் அவர் வீட்டு வாசலில் போய் நின்று ஆலோசனை கேட்பது அழகு.

எப்படி நடத்துவது என்பதற்கு அயல்நாட்டு விதிப்புத்தகம் தேவையில்லை. வழி நம்மிடமே உண்டு. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரை வன்னியைக் கடந்தே செல்கிறது. வற்றாப்பளை, கொக்கிளாய், திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, பின்னர் யால காடு என்று நாற்பது நாட்களுக்கு மேல் நடை. 1983க்குப் பின் போரினால் குலைந்த இவ்வழக்கம் 1988இல் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கரின் முயற்சியால் கிழக்கில் உயிர்பெற்றது. வடக்கிலிருந்து நடப்பது அதன் பின்னும் நெடுங்காலம் இயலாதிருந்தது. அந்த யாத்திரையில் கட்டணம் இல்லை, கடிகாரம் இல்லை. ஊர்கள் சோறு போடும், கோயில் மண்டபம் படுக்கை தரும். குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லோருடைய வேகமும். வைகாசிப் பொங்கலில் கடல்நீரால் விளக்கெரிக்கும் வற்றாப்பளை அம்மன் வாசலில், யாழ்ப்பாணத்து வாத்தியாரும் கூலிக்காரக் கிழவியும் ஒரே வரிசையில் நின்று கஞ்சி வாங்குவதைக் காணலாம்.

ஆகவே தம்பிக்கு என் பதில் இதுதான். முதலாம் ஆண்டு ஓட வேண்டாம், நடவுங்கள். ஐவரும் வெயிலில் நடந்து, வழியிலுள்ள வீடுகளில் தங்கி, அங்குள்ளோர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். இரண்டாம் ஆண்டு ஓட்டம் வைப்பதென்றால், புறப்படும் ஒவ்வொரு வெளியூராருக்கும் பக்கத்தில் ஒரு வன்னிப் பிள்ளை சோடியாக ஓட வேண்டும். இருவரும் சேர்ந்து வந்தால்தான் முடித்ததாகக் கணக்கு. செலவை வெளியிலிருந்து வருபவர் ஏற்க வேண்டும். தண்ணீர் மேசையில் இலண்டன் உறவினர்கள் நிற்கட்டுமே, என்ன குறைந்துவிடும்? மே 18ஐ அண்டிய நாட்களில் எந்தப் போட்டியும் வேண்டாம். அது அழுபவர்களின் நாள்.

பாதையைப் படத்தில் கோடு கிழித்துத் தீர்மானிக்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் பணி வடக்கில் இன்னும் முற்றுப்பெறவில்லை. சிவப்புப் பலகை நட்ட இடத்தில் 'சுருக்கு வழி' என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தக் காட்டுத்துண்டு துப்புரவாக்கப்பட்டது என்பதை, முழங்காலில் குந்தி அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிய பெண்களே நன்கறிவார்கள். போரில் கணவனை இழந்தோர் பலர் அவர்களுள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு உரிய சம்பளம் கொடுத்து வழிகாட்டியாக அமர்த்துங்கள். யானை நடமாடும் நேரத்தைத் தேன் எடுக்கப் போகும் ஊரவரிடம் கேளுங்கள். மாரி முடிந்து காலபோக நெல் அறுவடையாகும் மாசி மாதம் உகந்தது. குளங்களில் நீர் நிறைந்திருக்கும், காலையில் பனி இருக்கும். சித்திரை பிறந்துவிட்டால் அந்த வெக்கையில் ஐம்பது கிலோமீற்றர் என்பது வேறு கதை. தகப்பனாரையும் முதல் ஆண்டு நடைக்குக் கூட்டி வாருங்கள். அவருக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்கள். மெதுவாக நடக்கட்டும், நீங்கள் ஐவரும் நின்று நின்று போகலாம்.