சிந்தாதிரிப்பேட்டை இரட்டைக் கோயில்களும் மரபுக் காப்பின் அதிகாரமும்

கூவம் ஆற்றின் வளைவுக்குள் அமைந்த சிந்தாதிரிப்பேட்டை, 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வாணிகத்தை முன்னிட்டு உருவாக்கப்பட்ட குடியிருப்பாகும். நெய்வோரும் நூற்போரும் சாயமிடுவோரும் அங்குக் குடியேற்றப்பட்டனர்; சின்னத் தறிப்பேட்டை என்பதே இப்பெயராக மருவிற்று என்பர். ஆதிபுரீசுவரர், ஆதிகேசவப் பெருமாள் இரட்டைக் கோயில்கள் அக்குடியேற்றத்தின் வரலாற்றோடு பிணைந்தவை. சோழர் கற்றளிகள் பெற்ற ஆய்வுக் கவனத்தை இவை பெற்றதில்லை. ஆயினும் கம்பெனி ஆட்சியின்கீழ் ஒரு கைவினைச் சமூகம் தன் ஊரை எவ்வாறு அமைத்துக்கொண்டது என்பதற்குச் சென்னையில் எஞ்சியுள்ள கட்டடச் சான்றுகள் மிகச் சிலவே.

இத்தகைய சான்றைக் காக்கும் பொறுப்பு எத்துறைக்கு உரியது? கீழடி அகழாய்வு 2018இல் இந்தியத் தொல்லியல் துறையிடமிருந்து மாநிலத் தொல்லியல் துறைக்கு வந்தது முதல், இவ்வினா மத்திய அரசா மாநில அரசா என்ற ஒற்றைக் கோணத்திலேயே பெரிதும் பேசப்படுகிறது. உண்மைச் சிக்கல் வேறு. நாட்டு முதன்மை வாய்ந்தவையெனப் பாராளுமன்றச் சட்டத்தால் அறிவிக்கப்படாத நினைவுச்சின்னங்களும் அருங்காட்சியகங்களும் மாநிலப் பட்டியலில் வருகின்றன. தொல்லியல் இடங்களும் சமய அறநிலையங்களும் பொதுப் பட்டியலில் வருகின்றன. நடைமுறையிலோ பொருளின் வரலாற்று மதிப்பைவிட அது கிடக்கும் இடமே அதன் காப்பாளரைத் தீர்மானிக்கிறது. ஒரே காலத்துச் செப்புத் திருமேனிகள் இரண்டனுள் கருவறையில் உள்ளது அறநிலையத்துறையின் பொறுப்பு. மண்ணுக்கடியில் கிடைத்தது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வழியே எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேரக்கூடும். கோயிலின் தோற்றத்தை விளக்கும் கம்பெனி ஆவணங்களோ தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இந்து சமய அறநிலையத்துறை 40,000க்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஆள்கிறது. அதற்கு அடிப்படையான 1959ஆம் ஆண்டுச் சட்டம் அறங்காவலர், சொத்து, வருவாய், வழிபாடு ஆகியவற்றை ஒழுங்குசெய்யவே முதன்மையாக எழுந்தது. அதில் குறைகாண இடமில்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை திருப்பணியும் குடமுழுக்கும் நிகழவேண்டும் என்ற மரபு, துறையின் செயற்பாட்டுக்கு அளவுகோலாகவும் ஆகிவிடுகிறது. மணல்வீச்சால் கற்பரப்புத் தேய்ந்து கல்வெட்டுகள் சிதைந்த கதையைக் கல்வெட்டாய்வாளர் நன்கறிவர். பதினெட்டாம் நூற்றாண்டுக் கோயில்களில் இடர் இன்னும் நுட்பமானது. கற்றளிகளிற்போல் விரிவான கல்வெட்டுச் சான்றை அவற்றில் எதிர்பார்க்க இயலாது. செங்கல்லும் சுண்ணச் சாந்தும் சுதை வடிவங்களுமே ஆவணங்கள். பழஞ்சுதையைச் சுரண்டிச் சிமெண்டு பூசி வண்ணம் தீட்டிவிட்டால் அழிந்தது இன்னதெனச் சொல்லவும் சான்று இராது. அழிவே புதுப்பொலிவாகக் காட்சியளிப்பதால் அதை எதிர்ப்பாரும் அரியர்.

எனவே இத்தகைய கோயில்களைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கவேண்டும் என்ற கோரிக்கை எழுவது இயல்பே. நூறாண்டுப் பழமை என்ற தகுதி சிந்தாதிரிப்பேட்டைக்கு உண்டு. ஆனால் மத்தியச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக்கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. வீட்டோடு வீடு ஒட்டிய இப்பேட்டையில் இவ்விதி வருமாயின், கோயிலுக்குக் காவலாக நிற்கவேண்டிய தெருவாரே அதற்கு எதிரிகளாவர். மாநிலத் தொல்லியல் துறையோ அகழாய்வை முதற்பணியாகக் கொண்டது. வழிபாட்டிலுள்ள ஆயிரக்கணக்கான கோயில்களை அதன் தோளில் ஏற்றுவது, பெயர்ப்பலகையை மாற்றுவதற்கு மேல் எதையும் செய்யாது.

ஆள்வோர் யார் என்பதைக்காட்டிலும், கட்டடத்தில் கைவைக்க இசைவளிப்போர் யார் என்பதே கேட்கவேண்டிய வினா. இவ்விரு அதிகாரங்களும் ஒரே கையில் இருப்பதே கேட்டிற்கு மூலம். பிரித்தால் வழிபாடு தடைப்படும் என்ற அச்சத்திற்குத் தஞ்சைப் பெரியகோயில் விடையளிக்கிறது. அங்குக் கட்டடக் காப்பு இந்தியத் தொல்லியல் துறையிடமும், வழிபாடு அரண்மனைத் தேவத்தானத்திடமும் உள்ளன. 2020 பிப்ரவரி 5ஆம் நாள் குடமுழுக்கு நடந்தேறியது. உரசல்கள் உண்டு; ஆனால் அவை வெளிப்படையாக நிகழ்கின்றன, பதிவாகின்றன. அறநிலையத்துறைக்குள்ளும் மண்டல, மாநில அளவில் வல்லுநர் குழுக்கள் உள்ளன. அவற்றில் அறிஞர்கள் இருப்பினும், திருப்பணியை முடிக்கவேண்டிய துறையே அக்குழுக்களையும் இயக்குவதால் மறுப்புரைக்கு வலுவில்லை.

தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியும் பல்லாண்டுகள் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. 2021 ஜூன் 7ஆம் நாள் 75 வழிகாட்டுதல்களுடன் வந்த சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவ்வாணையத்தின் தேவையை மீண்டும் வலியுறுத்திற்று. ஆணையம் என ஒன்று இருப்பது மட்டும் போதாது. பணியை நிறுத்தும் ஆற்றல் அதற்கு வேண்டும். குடமுழுக்குகளின் எண்ணிக்கையால் மதிப்பிடப்படாத உறுப்பினர் வேண்டும். காரணம் காட்டும் ஆணைகள் பொதுவில் வெளியாகவேண்டும். நாட்டு முதன்மை பெறாத சிறு கோயில்களும் அதன் பார்வைக்குள் வரவேண்டும். சிந்தாதிரிப்பேட்டை போன்றவை நழுவுவது அவ்விடத்தில்தான்.

தமிழ்த்துறைகளுக்கும் இதில் பங்குண்டு. திருப்பணிக்குப் பாலாலயம் செய்யும் முன்னரே அளவுப்படம், ஒளிப்படம், சுதைச் சிற்பங்களின் அடையாளக் குறிப்பு, தூண்களிலும் படிகளிலும் உள்ள எழுத்துப் பொறிப்புகளின் படி ஆகியன தொகுக்கப்படல் வேண்டும். இதனை இசைவுக்கு முன்நிபந்தனையாக்கி, அருகிலுள்ள பல்கலைக்கழகத் துறையிடம் ஒப்படைக்கலாம். சிந்தாதிரிப்பேட்டைக்கு அத்தகைய தொகுப்பு உருவாகுமாயின், அதன் ஒரு படியைக் கம்பெனி ஆவணங்கள் உள்ள எழும்பூர்க் காப்பகத்திலேயே வைப்பது பொருத்தமாகும்.