வக்கீல் ஃபீஸை நினைத்துப் பயப்படாதீர்கள்

சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகும் பெண்களுக்கு ஒரு நாள் லீவு என்றால் அன்றைய கூலி போச்சு. அதனால், வீட்டில் அடி விழுந்தாலும் ‘வக்கீலுக்கு எங்கே போக?’ என்று பொறுத்துக்கொள்பவர்கள் உண்டு.

தோழிகளே, அந்தச் செலவு உங்களுடையது அல்ல. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. கோர்ட் கட்டணமும் கிடையாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் இதே உரிமைதான். விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வளாகத்தில் இருக்கிறது. அலைய முடியாதவர்கள் 15100-க்கு போன் செய்யலாம்.

‘புகார் கொடுத்தால் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார்களே?’ குடும்பமாக வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும், அங்கே வசிக்கும் உரிமையை 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்குத் தருகிறது. மனு கோர்ட்டுக்கு வந்ததும், பொதுவாக 3 நாட்களுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

அவசரத்துக்கு 181. இரண்டு எண்களையும் போனில் ஏற்றிவையுங்கள். கணவர் போனை நோண்டுவார் என்றால், ‘சித்தி’ என்று பெயர் போட்டு வையுங்கள்!